கேமரா அணைந்திருக்கும் வகுப்பில் கணக்கு நடத்துவது எப்படி?

கேள்வி: பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பது பேருக்கு மாலை நேரத்தில் ஜூம் வழியாகக் கணக்கு நடத்துகிறேன். பள்ளியில் நேரில் நடத்தும்போது எனக்கு இந்தச் சிக்கல் வந்ததில்லை. இங்கே எல்லோரும் கேமராவை அணைத்துவிடுகிறார்கள். "புரிஞ்சுதா?" என்றால் இரண்டு பேர் "எஸ் மிஸ்" என்கிறார்கள், மற்றவர்களிடமிருந்து சத்தமே இல்லை. பரீட்சை வைத்த பிறகுதான் பாதிப் பேருக்கு ஒன்றும் புரியவில்லை என்று தெரிகிறது. இவர்களை எப்படி வகுப்பில் ஈடுபட வைப்பது?

பதில்:

உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதியிலிருந்து தொடங்குகிறேன். பரீட்சை வைத்த பிறகுதான் உங்களுக்குத் தெரிகிறது என்கிறீர்கள். சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது. கேமரா, மௌனம், கவனச்சிதறல் எல்லாம் அதற்கு அடுத்து வருபவை.

பள்ளி வகுப்பறையில் நிற்கும்போது நமக்குத் தகவல் வந்துகொண்டே இருக்கிறது. கடைசி பெஞ்சில் ஒருவன் பக்கத்துப் பையனின் நோட்டை எட்டிப் பார்க்கிறான். மூன்றாவது வரிசையில் ஒரு பெண்ணின் பேனா பாதி வரியில் நின்றுவிட்டது. நாம் யோசிக்காமலேயே அந்த வரியை இன்னொரு முறை சொல்கிறோம், வேகத்தைக் குறைக்கிறோம், வேறு உதாரணம் எடுக்கிறோம். ஆன்லைனில் இந்த வரத்து அப்படியே நின்றுபோகிறது. பழக்கத்தில் நாம் மட்டும் அதே வேகத்தில் பேசிக்கொண்டே போகிறோம். நேரில் நன்றாக நடத்துகிற ஆசிரியர்கள்தான் இதில் அதிகம் தடுமாறுகிறார்கள். பிள்ளைகளின் முகத்தைப் படித்துப் படித்தே பாடத்தை வளைத்துப் பழகியவர்கள் அவர்கள்.

அதனால் நான் சொல்ல வருவது இதுதான்: முகங்களைத் திரும்பக் கொண்டுவரப் போராட வேண்டாம், பிள்ளைகள் எழுதுவதை உங்களிடம் வரவழையுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறையாவது ஒவ்வொரு பிள்ளையும் ஏதாவது ஒன்றை எழுத வேண்டும், அது உங்கள் கண்ணுக்கு வந்து சேர வேண்டும். கீழே சொல்வதெல்லாம் இதை எப்படிச் செய்வது என்பதைப் பற்றித்தான்.

முதலில் கேமரா. கட்டாயப்படுத்தாதீர்கள் என்பதுதான் என் கருத்து. கார்னெல் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் ஏன் கேமராவைப் போடுவதில்லை என்று கேட்டு ஓர் ஆய்வு 2021இல் வெளியானது. தங்கள் தோற்றம் பற்றிய கூச்சம்தான் அதிகம் பேர் சொன்ன காரணம். வீட்டில் மற்றவர்கள் தெரிவார்கள், பின்னால் இருக்கும் இடம் தெரியும் என்பவையும் பட்டியலில் இருந்தன. அமெரிக்கக் கல்லூரி மாணவர்களுக்கே அப்படியென்றால் நம் ஊரில் ஒற்றை அறை வீட்டில் உட்கார்ந்திருக்கும் பதினைந்து வயதுப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். பின்னால் அப்பா சட்டை மாற்றிக்கொண்டிருப்பார், தம்பி டிவி பார்ப்பான், கொடியில் துணி தொங்கும். அவள் கேமராவை அணைப்பதற்கும் பாடத்தில் அக்கறை இல்லாததற்கும் சம்பந்தமே இல்லை. அதே 2021இல் ஸ்டான்ஃபோர்டின் ஜெரமி பெயிலன்சன், காணொளிச் சந்திப்புகள் ஏன் இவ்வளவு களைப்பைத் தருகின்றன என்று விளக்கி ஒரு கட்டுரை எழுதினார். மிக நெருக்கத்தில் பல முகங்கள் நம்மையே பார்ப்பது, நம் முகத்தை நாமே பார்த்துக்கொண்டிருப்பது, அசைய முடியாமல் உட்கார்ந்திருப்பது, சைகைகளைப் புரிந்துகொள்ளவும் புரியவைக்கவும் தனியாக மெனக்கெட வேண்டியிருப்பது என்று நான்கு காரணங்களைச் சொன்னார். பருவ வயதுப் பிள்ளைகளுக்கு இந்த இரண்டாவது காரணம் ஒன்றே போதும்.

ஆனால் கேமராவை வேறு ஒரு வேலைக்குப் பயன்படுத்தலாம். முகத்தைக் காட்டச் சொல்லாமல் நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் எல்லோர் கையிலும் ஃபோன்தான் இருக்கும். பின்பக்கக் கேமராவுக்கு மாற்றி, நோட்டுக்கு மேலே பத்து விநாடி பிடித்தால் போதும். வீடும் தெரியாது, முகமும் தெரியாது. டேட்டாவும் அதிகம் போகாது. உங்களுக்கு வேண்டியது கிடைத்துவிடும்.

முக்கோணவியலில் உயரங்களும் தூரங்களும் நடத்தும்போது இதை ஒரு தடவை செய்து பாருங்கள். கலங்கரை விளக்கத்தின் உச்சியிலிருந்து ஒரு படகை இறக்கக் கோணத்தில் (கிடைமட்டக் கோட்டிலிருந்து கீழ்நோக்கிப் பார்க்கும் கோணம்) பார்க்கும் கணக்கைக் கொடுங்கள். "விடை வேண்டாம், படம் மட்டும் வரைந்து காட்டுங்கள்" என்று சொல்லுங்கள். கோணத்தைக் கிடைமட்டக் கோட்டிலிருந்து குறிக்காமல் கலங்கரை விளக்கத்தின் செங்குத்துக் கோட்டிலிருந்து குறித்த நோட்டுகள் வரிசையாக வரும். அங்கே தவறிய பிள்ளைக்கு அடுத்து டேன், சைன் என்று நீங்கள் எவ்வளவு அழகாகப் போட்டுக் காட்டினாலும் பயனில்லை. வழக்கமாக இந்தத் தவறு நமக்குப் பரீட்சைத் தாளில்தான் தெரியவரும், அப்போது திருத்த நேரம் இருக்காது. இப்படிச் செய்தால் அந்த நிமிடமே தெரிந்துவிடுகிறது.

அடுத்தது "புரிஞ்சுதா?" என்ற கேள்வி. நேர் வகுப்பிலும் இது உதவாத கேள்விதான், ஆனால் அங்கே முகம் உண்மையைச் சொல்லிவிடும். திரை வகுப்பில் "எஸ் மிஸ்" என்பது மரியாதைக்குச் சொல்லும் வார்த்தை. புரியாத பிள்ளைக்கே தனக்குப் புரியவில்லை என்பது பல சமயம் தெரியாது. அந்தக் கேள்வியை விட்டுவிட்டு, தவறான விடையைப் பார்த்தாலே என்ன தவறாக நினைத்திருக்கிறார்கள் என்று புரியக்கூடிய கேள்வியைக் கேளுங்கள்.

அளவியலிலிருந்து ஒன்று சொல்கிறேன். ஓர் உருளையின் ஆரத்தை இரு மடங்காக்குகிறோம், உயரம் மாறவில்லை. கன அளவு என்ன ஆகும்? ஒன்று, இரு மடங்கு. இரண்டு, நான்கு மடங்கு. மூன்று, எட்டு மடங்கு. நான்கு, அளவுகள் தெரியாமல் சொல்ல முடியாது. சரியான விடை இரண்டாவது. முதலாவதைத் தேர்ந்தெடுத்த பிள்ளை ஆரம் வர்க்கமாக வருகிறது என்பதைச் சூத்திரமாக மட்டும் மனப்பாடம் செய்திருக்கிறது. மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தது கோளத்தோடு குழப்பிக்கொண்டிருக்கிறது, அல்லது உயரமும் சேர்ந்து மாறுவதாக நினைக்கிறது. நான்காவதைத் தேர்ந்தெடுத்த பிள்ளைக்கு எண்களைக் கொடுத்தால் கணக்குப் போட்டுவிடும், விகிதமாக யோசிக்கத்தான் வராது. மூன்று வகைத் தவறுக்கும் மூன்று வேறு வைத்தியம். முப்பது பேரின் விடையும் வந்த பிறகு அடுத்த ஐந்து நிமிடம் எதை நடத்த வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். இப்படி ஒரு பாடத்துக்கு இரண்டு மூன்று கேள்விகளை முந்தின நாளே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வகுப்புக்கான தயாரிப்பில் என் நேரத்தில் பெரும்பகுதி இந்தக் கேள்விகளுக்குத்தான் போகிறது, அது வீண் அல்ல.

விடையை வாங்கும் முறையும் முக்கியம். ஜூமில் சாட் அமைப்பை மாற்றி, பிள்ளைகள் ஹோஸ்டுக்கு, அதாவது வகுப்பை நடத்தும் உங்களுக்கு, மட்டும் செய்தி அனுப்பும்படி வைக்கலாம். அதைச் செய்துவிடுங்கள். எல்லோருக்கும் தெரியும்படி இருந்தால் நன்றாகப் படிக்கும் நான்கு பேர் முதல் பத்து விநாடியில் விடையைப் போட்டுவிடுவார்கள், மீதிப் பேர் அதையே பார்த்து எழுதுவார்கள். தவறு செய்தால் மானம் போகும் என்று பயப்படுகிறவர்கள் எழுதவே மாட்டார்கள். உங்களுக்கு மட்டும் வருகிறது என்று தெரிந்தால் வாயே திறக்காத பிள்ளைகூட எண்ணை அழுத்தி அனுப்பும். வகுப்பில் ஒரு வார்த்தை பேசியிராத பிள்ளை சாட்டில் நீளமாகச் சந்தேகம் கேட்பதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். நேர் வகுப்பில் கிடைக்காத வசதி இது.

கூகுள் மீட்டில் இப்படித் தனியாக அனுப்ப வழியில்லை. அங்கே எல்லோரும் விடையைத் தட்டச்சு செய்து வைத்துக்கொண்டு, நீங்கள் "இப்போது அனுப்புங்கள்" என்றதும் ஒரே நேரத்தில் அனுப்பும்படி பழக்கலாம். இல்லையென்றால் ஒற்றைக் கேள்வியுள்ள கூகுள் ஃபார்ம் ஒன்றை முன்பே செய்து வைத்து இணைப்பைப் போடலாம். பலரும் பயன்படுத்திவந்த ஜாம்போர்டு என்ற ஆன்லைன் வெள்ளைப்பலகையை கூகுள் 2024 இறுதியில் நிறுத்திவிட்டது, பழைய குறிப்புகளைப் பார்த்து அதைத் தேட வேண்டாம். எதுவுமே வேண்டாம் என்றாலும் சரி, நோட்டில் பெரிதாக விடை எண்ணை எழுதிக் கேமரா முன்னால் பிடிப்பதும் நல்ல வழிதான்.

கேள்வியைக் கேட்டபின் காத்திருங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளைப் பதிவு செய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடி அளவுகூடக் காத்திருப்பதில்லை என்று கண்டார். அதை மூன்று விநாடியாக்கியதும் பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, பதிலே சொல்லாதவர்களின் எண்ணிக்கை குறைந்தது. அது நேர் வகுப்பு. ஆன்லைனில் உங்கள் குரல் போய்ச் சேரவே தாமதமாகிறது, பிள்ளை யோசிக்க வேண்டும், எழுத வேண்டும், ஃபோனில் தட்ட வேண்டும். எண்ணை மட்டும் அனுப்பும் கேள்விக்கே ஒரு நிமிடம் கொடுங்கள், கணக்குப் போட வேண்டியதற்கு மூன்று நிமிடம். அந்த நேரத்தில் எதுவும் பேசாதீர்கள். "போடுங்க போடுங்க, சீக்கிரம், இன்னும் யாரு?" என்று நாம் பேசுவது யோசித்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் காதில் நேராக விழுகிறது. திரைக்கு முன்னால் ஒரு நிமிட அமைதி நமக்கு மிகவும் நீளமாகத் தெரியும். நோட்டில் கணக்குப் போடும் பிள்ளைக்கு அது போதவே போதாது.

சரி, எவ்வளவு நேரம் நாம் பேசலாம்? ஃபிலிப் குவோவும் உடன் ஆய்வாளர்களும் எடெக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் பிள்ளைகள் பாட வீடியோக்களைப் பார்த்த 69 லட்சம் தடவைகளை ஆராய்ந்து 2014இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும், பார்த்த நேரத்தின் இடைநிலை அளவு 6 நிமிடத்தைத் தாண்டவில்லை. பதிவு செய்த பாடங்களைப் பற்றிய ஆய்வு அது, நேரலை வகுப்புக்கு அப்படியே பொருத்த முடியாது. இருந்தாலும் நாற்பது நிமிடம் ஒரே மூச்சில் பேசுவதை யாரும் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள் என்பதற்கு அது நல்ல எச்சரிக்கை. மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் (இன்றைய கல்வி அமைச்சகம்) ஆன்லைன் கல்விக்காக 2020 ஜூலையில் வெளியிட்ட 'பிரக்யாதா' வழிகாட்டுதலும் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒரு நாளுக்கு 30 முதல் 45 நிமிடம் கொண்ட நான்கு அமர்வுகளுக்கு மேல் கூடாது என்றது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை இரண்டு அமர்வுகள்தான். உங்கள் பிள்ளைகள் பகல் முழுவதும் பள்ளியில் இருந்துவிட்டு மாலையில் உங்களிடம் வருகிறார்கள் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். நாற்பது நிமிடத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். ஜூமின் இலவசக் கணக்கு அதே நாற்பது நிமிடத்தில் துண்டித்துவிடுவதை நான் ஒரு நல்ல கட்டுப்பாடாகவே பார்க்கிறேன்.

எடெக்ஸ் ஆய்வில் கணக்கு ஆசிரியர்களுக்கு இன்னும் பயனுள்ள ஒரு முடிவு உண்டு. பவர்பாயின்ட் படங்களைக் காட்டி நடத்தியதைவிட, கையால் எழுதிக்கொண்டே விளக்கிய வீடியோக்களில் பிள்ளைகள் அதிக நேரம் தங்கினார்கள். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. முழுத் தீர்வையும் அச்சடித்தாற்போல் திரையில் கொண்டுவந்து நிறுத்தினால் பிள்ளை முதலில் கடைசி வரியைத்தான் பார்க்கும், பிறகு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளும். ஏன் இந்த இடத்தில் காரணிப்படுத்தினோம், ஏன் முதலில் அதைச் செய்யவில்லை என்பதெல்லாம் எழுதும் கையோடுதான் வெளிப்படும். நீங்கள் யோசித்து நிறுத்துவதும், அடித்துத் திருத்துவதும் அவர்கள் பார்க்க வேண்டியவை.

இதற்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை. இரண்டாவது ஃபோன் ஒன்று இருந்தால் அதைப் புத்தக அடுக்கின் விளிம்பில் கீழ்நோக்கிப் பார்க்கும்படி வைத்து, மேலே கனமான அகராதி ஒன்றைப் பாரத்துக்கு வைத்தால் போதும். அதே வகுப்பில் இன்னொரு நபராக அந்த ஃபோனை இணைத்துவிடுங்கள், அதன் மைக்கையும் ஸ்பீக்கரையும் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் எதிரொலி கொன்றுவிடும். வெள்ளை ஏ4 தாளில் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா எழுத்து ஃபோன் திரையில் தெரியாது. ஒரு தாளில் ஏழெட்டு வரிக்கு மேல் வேண்டாம். வெளிச்சம் உங்கள் கைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வரட்டும், நிழல் விழாது. எழுதியது எப்படித் தெரிகிறது என்பதை வீட்டில் வேறொருவரின் சின்ன ஃபோனில் ஒரு முறை பாருங்கள். பிள்ளைகள் பார்ப்பது அதைத்தான், உங்கள் லேப்டாப் திரையை அல்ல. ஒலிக்கு வயருள்ள சாதாரண இயர்ஃபோன் மைக் போதும். படம் கொஞ்சம் மங்கினால்கூடப் பிள்ளைகள் பொறுத்துக்கொள்வார்கள், குரல் தெளிவில்லாவிட்டால் போய்விடுவார்கள்.

ஒரு வகுப்பை எப்படி ஓட்டுவது என்பதை ஆயத்தொலை வடிவியலில் சாய்வு என்ற பகுதியை வைத்துச் சொல்கிறேன்.

தொடக்கத்திலேயே எல்லோரும் சேரும்வரை காத்திருக்காதீர்கள். நேரத்துக்கு வந்தவர்களுக்கு அது தண்டனை. ஏழு மணி என்றால் ஏழு மணிக்குத் திரையில் மூன்று கேள்விகள் இருக்க வேண்டும். ஒன்று நேற்றைய பாடத்திலிருந்து, ஒன்று போன வாரத்திலிருந்து, ஒன்று இரண்டு மாதத்துக்கு முந்தியது. நோட்டைப் புரட்டக் கூடாது. நான்கு நிமிடம். இது வெறும் நேரம் நிரப்பும் வேலை இல்லை. ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் செய்த சோதனையில், ஒரு பத்தியை இரண்டாம் முறை படித்தவர்களையும், படித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களையும் ஒப்பிட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மீண்டும் படித்தவர்களே முந்தினார்கள், 81 சதவீதத்துக்கு எதிராக 75. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் நினைவிருந்தது, மீண்டும் படித்தவர்களுக்கு 42தான். பொதுத்தேர்வு எழுதப்போகும் பிள்ளைக்கு ஐந்து நிமிட நினைவு எதற்கு? இந்த மூன்று கேள்விக்கும் மதிப்பெண் போடாதீர்கள். மதிப்பெண் வந்தால் காப்பியும் கூடவே வரும்.

அப்புறம் ஆறேழு நிமிடம் நீங்கள் கையால் எழுதி நடத்துங்கள். இரு புள்ளிகளுக்கு நடுவே கோடு எவ்வளவு ஏறுகிறது, அதற்குள் எவ்வளவு வலப்பக்கம் போகிறது, முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் சாய்வு. ஒரு கணக்கு முழுதாகப் போட்டுக் காட்டுங்கள். அடுத்த கணக்கை நீங்கள் தவறாகப் போடுங்கள், அதையும் அறிவித்துவிட்டே போடுங்கள். புள்ளிகள் (2, 3), (5, 9). மேலே 9 கழித்தல் 3, கீழே 2 கழித்தல் 5, விடை கழித்தல் 2 என்று எழுதிவிட்டு, "இதில் ஒரு வரி தப்பு, எந்த வரி, ஏன்?" என்று கேளுங்கள். தொகுதியில் ஒரு வரிசை, பகுதியில் வேறு வரிசை என்பதைக் கண்டுபிடிப்பவர்கள் இருப்பார்கள். "கோடு மேலே ஏறுகிறதே, சாய்வு எப்படிக் குறை எண்ணாக வரும்?" என்று எழுதும் பிள்ளை அதைவிட ஒரு படி மேலே போய்விட்டது. அந்தப் பதிலை அனுமதி கேட்டு வகுப்புக்குப் படித்துக் காட்டுங்கள். ஆன்லைன் வகுப்பில் தவறு தேடும் கேள்விகளுக்கு வரும் வரவேற்பு நேரான கணக்குகளுக்கு வருவதில்லை.

அதன்பின் அவர்களே போட வேண்டிய நேரம். கிடைமட்டக் கோட்டுக்குச் சாய்வு என்ன, செங்குத்துக் கோட்டுக்கு ஏன் சாய்வு வரையறுக்கப்படவில்லை என்பதை நீங்கள் சொல்லாமல் அவர்களே முட்டி மோதிக் கண்டுபிடிக்கட்டும். கடைசி மூன்று நிமிடத்தில் ஒற்றைக் கேள்வி. அதன் விடையை அனுப்பிவிட்டுத்தான் வெளியேற வேண்டும். அந்த விடைகளை இரவு பார்த்தால் நாளைய வகுப்பின் தொடக்கம் தயாராகிவிடும்.

பிள்ளைகளைச் சிறு அறைகளாகப் பிரித்து விவாதிக்கவிடச் சொல்லிப் பலர் அறிவுரை சொல்வார்கள். என் அபிப்பிராயத்தில் அது கொஞ்சம் மிகைப்படுத்தப்பட்ட உத்தி. பேசிப் பழகாத ஐந்து பேரை ஒரு அறையில் தள்ளினால் ஐந்து பேரும் மைக்கை அணைத்துவிட்டு நீங்கள் கூப்பிடும்வரை உட்கார்ந்திருப்பார்கள். அது வேலை செய்ய வேண்டுமென்றால் மூன்று பேருக்கு மேல் கூடாது, ஒரு மாதமாவது அதே மூவர் இருக்க வேண்டும், ஐந்து நிமிடத்தில் முடியக்கூடிய ஒரே ஒரு வேலை இருக்க வேண்டும், அதை யார் எழுதிக் காட்டுவது என்பதும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். இன்னும் எளிதான வழி ஹார்வர்டில் இயற்பியல் நடத்தும் எரிக் மசூர் 1991 முதல் செய்துவருவது. ஒரு கேள்விக்கு எல்லோரும் தனித்தனியாக விடை அளிக்கிறார்கள், விடைகள் பிளவுபட்டால் பக்கத்தில் இருப்பவரோடு பேசுகிறார்கள், பிறகு அதே கேள்விக்கு மறுபடி விடை. ஆன்லைனில் "பக்கத்தில்" யாரும் இல்லை என்பதால், வேறு வேறு விடை சொன்ன இரண்டு பேரை மைக்கில் பேசவிட்டு மற்றவர்கள் கேட்டு, மீண்டும் வாக்களிக்கலாம். உருளைக் கேள்வி இதற்கு அளவெடுத்துத் தைத்த சட்டை.

இப்படி நடத்த ஆரம்பித்தால் ஒரு எதிர்ப்பு வரும், அதற்குத் தயாராக இருங்கள். "மிஸ் நடத்துறதே இல்ல, கேள்விதான் கேட்டுக்கிட்டே இருக்காங்க" என்று பெற்றோரிடம் புகார் போகும். 2019இல் ஹார்வர்டில் டெலோரியேவும் மற்றவர்களும் செய்த ஆய்வு இங்கே கைகொடுக்கும். இயற்பியல் மாணவர்களில் ஒரு பகுதியினர் தெளிவான, அழகான விரிவுரையைக் கேட்டார்கள். இன்னொரு பகுதியினர் அதே பாடத்தைத் தாங்களே கணக்குப் போட்டுப் படித்தார்கள். தேர்வில் இரண்டாவது பிரிவினர் அதிகம் கற்றிருந்தார்கள், ஆனால் தாங்கள் குறைவாகவே கற்றதாக அவர்கள் நினைத்தார்கள். சரளமான விளக்கத்தைக் கேட்பது புரிந்த உணர்வைத் தருகிறது, தானே முட்டி மோதுவது புரியாத உணர்வைத் தருகிறது. இதை முதல் வாரமே பிள்ளைகளிடமும் பெற்றோரிடமும் சொல்லிவிடுங்கள். கஷ்டமாக இருப்பதாகத் தோன்றினால் கவலைப்பட வேண்டாம், மூளை வேலை செய்கிறது என்று அர்த்தம் என்று வெளிப்படையாகச் சொன்னால் அவர்கள் ஏற்றுக்கொள்வார்கள்.

இனி உங்களை அதிகம் வருத்தும் பிள்ளைகளைப் பற்றி. பெயர் பட்டியலில் இருக்கும், ஒரு பதிலும் வராது. வருகைப் பதிவைப் பெயரை வைத்து எடுக்காமல் வந்த விடைகளை வைத்து எடுங்கள். ஒரு நோட்டில் யார் எந்தக் கேள்விக்கு அனுப்பினார்கள் என்று புள்ளி வைத்துவந்தால் இரண்டு வாரத்தில் ஐந்தாறு பெயர்களுக்கு எதிரே வரிசை காலியாக இருக்கும். அவர்களை வகுப்பில் பெயர் சொல்லிக் கேட்காதீர்கள். ஃபோன் செய்யுங்கள், பெற்றோரிடம் புகார் சொல்வதற்காக அல்ல, பிள்ளையிடம் பேசுவதற்காக. அப்போதுதான் தெரியும், வீட்டில் ஒரே ஃபோன், அது அப்பாவோடு வேலைக்குப் போய் எட்டு மணிக்குத்தான் திரும்புகிறது என்று. அல்லது ஒரு நாளைக்கான ஒன்றரை ஜிபி டேட்டா அண்ணனின் வகுப்பிலேயே தீர்ந்துவிடுகிறது என்று. சில சமயம் போன வருஷத்துப் பின்னக் கணக்கே வராது என்ற வெட்கம் காரணமாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் வேறு தீர்வு. ஃபோன் இல்லாத பிள்ளைக்கு எழுதிய தாள்களின் படங்களையும் ஐந்து நிமிடக் குரல் பதிவையும் வாட்ஸ்அப்பில் அனுப்பலாம், முழு வீடியோவைவிட மிகக் குறைந்த டேட்டாதான் ஆகும். அடிப்படை தெரியாத பிள்ளைக்கு வாரம் ஒரு நாள் பதினைந்து நிமிடம் நான்கைந்து பேரோடு தனி வகுப்பு வேண்டும். இந்தத் தொலைபேசி அழைப்புகளைப் போலப் பலன் தரும் வேறொன்றை நான் ஆன்லைன் கற்பித்தலில் பார்த்ததில்லை. தன்னை ஒருவர் கவனிக்கிறார் என்று தெரிந்த பிள்ளை அடுத்த நாள் விடை அனுப்பும்.

தமிழ்நாட்டின் அனுபவமே இதற்குச் சாட்சி. கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டிலேயே, பெருந்தொற்றுக்கு முன்பே, தொடங்கிவிட்டது. பள்ளிகள் மூடியபோது அது எத்தனையோ வீடுகளுக்குப் பாடத்தைக் கொண்டு சேர்த்தது, அந்த நன்மையைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் தொலைக்காட்சிக்குப் பிள்ளையின் நோட்டைப் பார்க்க முடியாது. கற்றல் இடைவெளியைச் சரிசெய்ய அரசு 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வியைத் தொடங்கியபோது, மாலையில் பிள்ளைகளின் தெருவுக்கே தன்னார்வலர்களை அனுப்பியது. பிள்ளைக்குத் தேவைப்பட்டது பக்கத்தில் உட்கார்ந்து எழுதுவதைப் பார்க்கும் ஒரு ஆள். நீங்கள் திரை வழியாக அந்த ஆளாக இருக்க முடியும், பதிவு செய்த வீடியோவால் முடியாது.

வீட்டுப்பாடம் பற்றிக் கொஞ்சம். முப்பது பேரும் தினமும் நோட்டைப் படமெடுத்து அனுப்பினால் இரண்டு வாரத்தில் உங்களுக்கு வெறுத்துப்போகும். ஒரு நாளைக்கு ஆறு பேருடையதை மட்டும் முழுதாகத் திருத்துங்கள், வாரத்தில் எல்லோரையும் ஒரு சுற்று பார்த்துவிடலாம். மற்றவர்களுக்கு விடைத்தாள் கொடுத்து அவர்களையே திருத்தச் சொல்லலாம். பெயர் தெரியாமல் இரண்டு தவறுகளை எடுத்து மறுநாள் தொடக்கத்தில் காட்டுங்கள். இப்போது ஃபோனைக் காட்டினாலே கணக்கைப் படிப்படியாகப் போட்டுத் தரும் செயலிகள் வந்துவிட்டதால் எழுதி அனுப்பிய விடையை மட்டும் நம்ப முடியாது. வாரம் ஒரு முறை ஒரு கணக்கைப் போட்டுவிட்டு, "மூன்றாவது வரியில் ஏன் இப்படிச் செய்தாய்?" என்பதற்கு ஒரு நிமிடக் குரல் பதிவு கேளுங்கள். தமிழிலோ கலந்தோ எப்படிப் பேசினாலும் சரி. காப்பியடித்த பிள்ளையால் அந்த ஒரு நிமிடத்தை நிரப்ப முடியாது, புரிந்த பிள்ளைக்கு அந்த ஒரு நிமிடம் போதாது.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்ற முயலாதீர்கள். முதல் இரண்டு வாரம் ஹோஸ்டுக்கு மட்டும் அனுப்பும் சாட், வகுப்புக்கு மூன்று கேள்விகள், இவை இரண்டையும் செய்யுங்கள். முதல் நாள் பத்துப் பேரிடமிருந்துதான் விடை வரும். வந்த விடைகளுக்கு உடனே பெயர் சொல்லாமல் பதில் சொல்லுங்கள், தவறான விடையிலும் எது சரியான யோசனை என்று எடுத்துக் காட்டுங்கள். எண்ணிக்கை தானாக ஏறும். அது இருபத்தைந்தைத் தொட்டபின் நோட்டைக் காட்டுவதை ஆரம்பியுங்கள். முப்பது பேர் என்பது ஒருவர் கண்ணால் பார்க்கக்கூடிய அளவின் மேல் எல்லை. நிர்வாகம் இன்னும் பத்துப் பேரைச் சேர்க்கச் சொன்னால், இருபது இருபதாக இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இருபத்தைந்து நிமிடம் எடுத்துக்கொள்ளக் கேளுங்கள்.